ஆமைக்காக ஓர் அமீனா எழுதும் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழில், பள்ளிப் பிள்ளைகள் பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் படம் வந்திருந்தது. அழகான படம். ஆனால் அதைப் பார்த்ததிலிருந்து, எங்கள் கண்மாய் ஆமைகளை யாரும் நினைப்பதில்லையே என்று மனசுக்குள் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிவகங்கை மாவட்டத்துக்காரன். நீதிமன்றத்தில் 31 வருடம் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சம்மன், வாரண்டு, ஜப்தி, தண்டோரா இவைதான் என் பிழைப்பாக இருந்தன. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பதை என் காதுபட எத்தனை திண்ணைகளில் சொல்லியிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. பட்டிமன்றப் பேச்சாளர்கள், "அது குளத்து ஆமை இல்லைங்க, பொறாமை, இயலாமை, கல்லாமை" என்று விளக்கம் சொல்லி ஆமையைக் காப்பாற்றிவிட்டார்கள். அமீனாவுக்கு இன்றுவரை யாரும் அப்படி ஒரு விளக்கம் கண்டுபிடிக்கவில்லை. சரி, அது போகட்டும்.

பணியில் சேர்ந்த மறு வருடம், 1986 ஐப்பசியில் ஒரு ஜப்திக்குப் போனேன். சின்ன விவசாயி வீடு, கடைப் பாக்கிக்கு டிக்ரி, அதாவது கோர்ட்டுத் தீர்ப்பு, ஆகியிருந்தது. சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளே கூச்சல். எட்டிப் பார்த்தால் முற்றத்தில் ஓர் ஆமை. முந்தின இரவு பெய்த மழைக்குக் கண்மாயிலிருந்து ஏறி வந்திருக்கிறது. அந்த வீட்டு அப்பத்தா விளக்குமாற்றோடு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தார். "அதுவும் வந்துருச்சு, நீங்களும் வந்துட்டீக. இனி இந்த வீட்டுக்கு என்னய்யா பாக்கி?" என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சமையல் பாத்திரங்கள், உடுதுணி, மருமகள் கழுத்தில் தாலி, ஓர் ஏர், ஒரு ஜோடி மாடு, குலுக்கையில் கொஞ்சம் விதைநெல். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு தெரிந்தவர்களுக்குப் புரியும், இவற்றில் எதையும் ஜப்தி செய்ய முடியாது. 1908-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான். ஆனாலும் எவ்வளவு கடன் இருந்தாலும் விவசாயியின் விதைநெல்லில் கை வைக்காதே என்று எழுதி வைத்திருக்கிறான். அதை இரக்கம் என்று சொல்லலாம், கணக்கு என்றும் சொல்லலாம். விதைநெல்லை அள்ளிவிட்டால் அடுத்த போகம் ஏது? போகம் இல்லாவிட்டால் கடன் எங்கே அடையும்? "ஜப்திக்குரிய பொருள் ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அன்று அந்த வீட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்டு போனது ஆமையை மட்டும்தான். சாக்கில் போட்டு, கேரியரில் கட்டி, கண்மாய்க் கரையில் கொண்டுபோய் விட்டேன்.

சாக்கிலிருந்து எடுத்தபோதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆமையை ஒழுங்காகப் பார்த்தேன். எங்கள் பக்கம் பாலாமை என்போம். ஓடு என்று பெயர்தான், மேலே வழவழவென்று தோல் போர்த்தியிருக்கும். அடிவயிறு வெளுப்பு. கையில் எடுத்ததும் தலையை உள்ளே இழுத்தது. அப்புறம் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு, அடியில் இருக்கும் இரண்டு தோல் மடல்களைக் கதவு மாதிரி சாத்திக்கொண்டது. அமீனாவைக் கண்டு சாத்தப்பட்ட கதவுகளை அதற்குப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். அவ்வளவு நேர்த்தியாகச் சாத்திய கதவு வேறு எதுவும் இல்லை.

அன்று பிடித்த பித்து. கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போகிற வேலை என்பதால் கண்மாய்களில் மீன் பிடிப்பவர்களிடமும் மடை திறப்பவர்களிடமும் ஆமையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பேன். பிற்பாடு விலங்கியல் ஆசிரியையான என் மருமகள் புத்தகங்களில் இருப்பதைச் சொல்லித் தந்தாள். எங்கள் நீர்நிலைகளில் பெரும்பாலும் இரண்டு வகை ஆமைகளைத்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று பாலாமை. இன்னொன்று கறுப்பு ஆமை. அதற்கு ஓடு கெட்டி, முதுகில் நீளவாக்கில் மூன்று வரப்புகள் ஓடும். இரவில் தண்ணீரை விட்டு ஏறி நடமாடும். கையில் பிடித்தால் ஒரு நாற்றம் விடும் பாருங்கள், கை கழுவினாலும் சீக்கிரம் போகாது.

பாலாமையின் வாழ்க்கையை ஒரு கண்மாய்க்காரர்தான் எனக்கு முதலில் சொன்னார். தண்ணீர் இருக்கும்போது நத்தை, இறால், தவளை, செத்த மீன், பாசி என்று கிடைத்ததைத் தின்னும். கரையேறிக் குழி தோண்டி, பெரிய நெல்லிக்காய் அளவில் உருண்டையான முட்டைகளை இட்டு மண்ணை மூடிவிட்டுப் போய்விடும். தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. சில குழிகளில் நாலைந்துதான் இருக்கும், அதிகம் போனால் பதினைந்து பதினாறு. கோழி முட்டை 21 நாளில் பொரிகிறது. பாலாமை முட்டைக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆகும் என்று மருமகள் சொன்னபோது நான் நம்பவில்லை. "கரு உண்டானதும் உடனே வளராதுங்க மாமா. கொஞ்ச காலம் அப்படியே நிறுத்தி வச்சிருக்கும், அப்புறம்தான் வளரும்" என்றாள். வாய்தா வாங்கும் வித்தை வக்கீல்களுக்கு முன்னாலேயே ஆமைக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த ஒன்பது மாதத்தில் கீரி தோண்டும், உடும்பு தோண்டும், நாய் தோண்டும். மிஞ்சிய குஞ்சுகளைக் கொக்கும் காக்காயும் பெரிய மீனும் பார்த்துக்கொள்ளும். தப்பியது வளர்ந்து முட்டையிடும் வயதை எட்டச் சில வருடங்கள் ஆகும். எட்டிவிட்டால், ஓட்டை உடைக்கும் பலம் உள்ள எதிரி அனேகமாகக் கிடையாது. கோடையில் கண்மாய் வற்றும்போது சேற்றுக்குள் இறங்கி, மேலே மண் வெடித்துக் காய்ந்தாலும் அடியில் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். மழை வந்ததும் எழுந்து வரும். இப்படி வருடா வருடம் கொஞ்சம் முட்டை, அதில் பெரும்பகுதி சேதம், ஆனாலும் பல வருடம் உயிரோடு இருந்து இட்டுக்கொண்டே இருப்பதால் கடைசியில் ஒன்றிரண்டு தேறும். இதுதான் ஆமை இனம் பிழைக்கும் வழி. கோழி மாதிரி, எலி மாதிரி வேகமாகப் பெருகி நஷ்டத்தை ஈடுகட்டும் சாமர்த்தியம் அதற்கு இல்லை.

கடலாமைக்கும் இதே கணக்குத்தான், தொகைதான் பெரிது. பங்குனி ஆமை ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேலும் இடும். அதில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் பெரிசாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சென்னைக் கரையில் 1970-களிலேயே முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகம் வைத்துக் காப்பாற்றத் தொடங்கிவிட்டார்கள். 1988-லிருந்து மாணவர்கள் அமைப்பாகச் சேர்ந்து இரவு முழுக்கக் கரையில் நடக்கிறார்கள். அவர்கள் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் 2025 ஜனவரியில் அதே கரையில் செத்து ஒதுங்கிய ஆமைகள் ஆயிரத்தைத் தாண்டின என்று பத்திரிகைகளில் வந்ததே, அவை குஞ்சுகள் இல்லை. கரை தேடி வரும் காலத்தில் வந்த பெரிய ஆமைகள். ஆமை நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. இழுவலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

இதை ஏற்கெனவே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1987-ல் அமெரிக்காவில் பெருந்தலை ஆமைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. இடுகிற முட்டை ஒன்றுகூடச் சேதமாகாமல் அத்தனையையும் காப்பாற்றினாலும், வளர்ந்த ஆமைகளும் வளர்ந்துவரும் ஆமைகளும் வலையில் சாவது நிற்காவிட்டால் எண்ணிக்கை சரிந்துகொண்டேதான் போகும் என்று அதில் கண்டார்கள். ஆமை தப்பித்து வெளியேற வழி வைத்த இழுவலை வேண்டும் என்ற வாதத்துக்கு அந்தக் கணக்கு பெரிய பலமாக இருந்தது. மருமகள் இதை விளக்கியபோது எனக்கு அந்த அப்பத்தா வீட்டுக் குலுக்கைதான் ஞாபகம் வந்தது. முட்டை விளைச்சல் மாதிரி. ஒரு வருடம் பொய்த்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். முட்டையிடும் பெண் ஆமை விதைநெல்.

இனி என் குறைக்கு வருகிறேன்.

போன கோடையில் எங்கள் ஊர்க் கண்மாயில் பாதியைத் தூர் வாரினார்கள். தூர் வாருவதற்கு நான் விரோதி இல்லை. அந்த வண்டலை அள்ளி வயலில் கொட்டியவன்தான் நானும். ஆனால் முன்பெல்லாம் மண்வெட்டியும் தட்டுமாக ஊரே இறங்கும். ஆமை தட்டுப்பட்டால் தூக்கி ஓரத்தில் விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இப்போது பொக்லைன் இறங்குகிறது. இறங்குவது எப்போது? பங்குனி, சித்திரையில், கண்மாய் வற்றிய பிறகு. ஆமைகள் சேற்றுக்குள் அசையாமல் கிடக்கும் அதே மாதங்கள். முதல் நாள் லாரியில் கொட்டிய மண்ணில் ஓர் ஓடு இரண்டாகப் பிளந்து கிடப்பதைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து காலையில் போய்க் கரையில் நின்றுகொண்டேன். நாலு நாளில் நான் எண்ணியது 17. அதில் 9 உடைந்தவை. மிச்சத்தில் மூன்றை யாரோ சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள், எதற்கென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூலத்துக்கு நல்லது, இளைப்புக்கு நல்லது என்று ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொல்வார்கள். பேசிப் பேசி அந்த மூன்றையும் வாங்கி, எட்டையும் பக்கத்துக் கண்மாயில் தண்ணீர் கிடந்த பள்ளத்தில் விட்டேன்.

வேலை எடுத்தவரிடம் கேட்டேன். "ஐயா, எனக்குக் கன மீட்டர் கணக்கு. ஆமைக்கு எஸ்டிமேட்ல இடம் இல்லை" என்றார். கிண்டலாகச் சொன்னாரோ என்னவோ, சொன்னது உண்மை. அந்தக் காகிதத்தில் மண் எவ்வளவு, கல் எவ்வளவு, டீசல் எவ்வளவு என்று எல்லாம் இருக்கிறது. மண்ணுக்குள் கிடப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்தது கரை. உள்சரிவு முழுக்கக் கல் பதித்துச் சிமெண்டு பூசுகிறார்கள். ஊருணிகளுக்கு நாலு பக்கமும் செங்குத்தாகச் சுவர் எழுப்பி, மேலே நடைபாதையும் போட்டுவிட்டார்கள். பார்க்க ஜோர்தான். முட்டையிட ஏற வேண்டிய ஆமை எந்த வழியாக ஏறும்? மண்ணுக்குள் ஒன்பது மாதம் இருக்க வேண்டிய முட்டை எங்கே இருக்கும்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாலாமை முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. பிடித்தாலோ கொன்றாலோ 3 முதல் 7 வருடம் வரை சிறை. ஆனால் 31 வருடம் சட்டத்தின் காகிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவன் சொல்கிறேன், காகிதம் வீட்டுக்குள் போவதும் காரியம் நடப்பதும் வேறு வேறு. சாக்கில் கட்டிய அந்த ஆளை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. அவர் எடுத்தது மூன்று. உடைந்தது ஒன்பது, அதற்கு யார் மேல் வாரண்டு போடுவது?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் விஷயம் இல்லை. இயந்திரம் இறங்குவதற்கு முன்னால், கண்மாயில் மீன் பிடித்துப் பழகிய நாலு பேரைக் கம்போடு ஒரு நடை இறக்கினால் போதும். சேற்றில் கம்பை ஊன்றும்போது கல்லா, கட்டையா, ஆமையா என்று அவர்கள் கைக்குத் தெரியும். வனத்துறைக்கு முன்கூட்டியே சொல்லி, எடுத்த ஆமைகளைப் பக்கத்திலேயே நீர் உள்ள இடத்தில் விடலாம். ஒரே கோடையில் முழுக் கண்மாயையும் வழித்துவிடாமல் ஒரு பாகத்தை அடுத்த வருடத்துக்கு வைக்கலாம், ஆழமான பள்ளத்தைத் தொடாமல் விடலாம். கரையில் ஒரு பக்கமாவது சிமெண்டு இல்லாமல் மண் சரிவாக இருக்கட்டும். இத்தனையையும் எஸ்டிமேட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், அந்த ஒப்பந்தக்காரரே கம்பு ஆட்களுக்குக் கூலி கொடுத்துவிடுவார்.

ஆமையைப் பிடித்தவுடன் கிணற்றில் விடும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று நல்லெண்ணத்தில்தான் விடுகிறார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றிலேயே ஒன்று இருந்தது. என் அப்பா காலத்தில் விட்டது, நான் வேலைக்குப் போன பிறகும் இருந்தது. ஏறி வர வழி இல்லை, துணை இல்லை, முட்டையிட ஒரு பிடி மண் இல்லை. உயிரோடு இருந்தது, ஆனால் அதன் இனத்துக்கு அது செத்த கணக்கு. கடன் கட்டாதவனுக்குக்கூடச் சிவில் சிறை மூன்று மாதத்துக்கு மேல் கிடையாது. கிணற்றைத் தூர் எடுக்கும் சாக்கில் அந்த ஆமையை வெளியே எடுத்துக் கண்மாயில் விட்டபோது எனக்கு வயது நாற்பது.

அப்புறம், கோயில் குளத்தில் புதிதாக விடப்படும் ஆமைகள். வளர்ப்புக்கென்று கடையில் ரூபாய் நாணயம் அளவில் விற்கிறார்களே, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட பச்சைக் குட்டி, அது அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். தொட்டியில் வைத்துக்கொள்ள முடியாதபோது, பாவம் என்று குளத்தில் விட்டுவிடுகிறார்கள். நம் ஆமைகளின் இரைக்கும், வெயில் காயும் இடத்துக்கும் அது போட்டிக்கு வரும். உலகத்திலேயே மோசமான அயல் உயிரினங்கள் நூறு என்று போட்ட பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது. இதில் வேடிக்கை, ஆமை வந்தால் வீடு விளங்காது என்று சொன்ன அதே ஊரில் இப்போது ஆமை மோதிரம் போடுகிறார்கள், கண்ணாடித் தட்டில் தண்ணீர் ஊற்றி உலோக ஆமையை வடக்கே பார்த்து வைக்கிறார்கள். அதிர்ஷ்டமாம். அசல் ஆமை வாசலுக்கு வந்தால் மட்டும் விளக்குமாறு.

உங்களிடமும் ஒரு விண்ணப்பம். கடலாமைக்கு வருடம் தவறாமல் செய்தி போடுகிறீர்கள். குளத்து ஆமைக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். சென்னைப் பாம்புப் பண்ணையில் வேலை பார்த்த விஜயா என்ற இளம்பெண், எழுபது வருடமாக யார் கண்ணிலும் படாதிருந்த ஒரு காட்டு ஆமையை 1982-ல் கேரளக் காட்டுக்குள் தங்கித் தேடிக் கண்டுபிடித்தார். 1987-ல், மிகச் சின்ன வயதில் இறந்துபோனார். 2006-ல் அந்த ஆமையின் பேரினத்துக்கே விஜயாகெலிஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள். அவரைப் பற்றி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை, ஆசிரியர்களில் ஒருவருக்குத்தான் தெரிந்தது. அந்த ஒருவர் என் மருமகள்.

எங்கள் கண்மாயின் மீதிப் பாதியில் வரும் பங்குனிக்கு வேலை தொடங்கும் என்று பேசிக்கொள்கிறார்கள். வேலை ஆணையில் கையெழுத்துப் போடுகிறவர் இந்தக் கடிதத்தைப் படிக்க நேர்ந்தால், இயந்திரம் வருவதற்கு முந்தின நாளை எங்களுக்கு விட்டுக்கொடுக்கட்டும். கம்பு ஊன்ற நாலு பேரை நான் ஏற்பாடு செய்துவிட்டேன், ஐந்தாவதாக நானும் வருவேன். அமீனா இறங்கினால் வேலை உருப்படுமா என்று யாரும் யோசிக்க வேண்டாம். நான் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற அமீனா,
சிவகங்கை மாவட்டம்